ஆறு புள்ளிகள்

1

இந்தக் கதை குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பல்கேரியாவில் எங்கள் ருசே நகரத்தில் இன்னும் உயிர் இருக்கிற பொருளை யாரும் தொட்டிக்குள் போடமாட்டார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் வைப்பார்கள். ஏப்ரலில் ஒரு மடிக்கணினி அப்படிக் கிடந்தது. அதன் மின்கம்பியை அழகாகச் சுருட்டி, மார்ச் முதல் தேதி எல்லோரும் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சிவப்பு வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எடுத்தவர் பக்கத்து வாசல் மெதோதி அண்ணன். ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர், லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தின் மேல் பைத்தியம். அவரிடம் ஏற்கனவே ஏழு கணினிகள் இருந்ததால் இது எனக்கு வந்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல தம்பி. சுத்தமா இருக்கு."

ஒன்றும் இல்லாததற்கா பூட்டு? திறந்தால் கறுப்புத் திரை. நடுவில் ஒரே வரி: வட்டின் கடவுச்சொல்லைத் தரவும்.

"அதுக்கென்ன, அழிச்சிட்டுப் புதுசா போடு. பத்து நிமிஷ வேலை."

லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பத்து நிமிஷம் வாயில் வரும். எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் நாள் பென்டிரைவிலிருந்து கிளம்பமாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டாம் நாள் வைஃபை இல்லை. வைஃபையைச் சரிசெய்ய வேண்டியதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னது. அன்று அதை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், கீழே மெதோதி நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகி, 'வட்டை முழுவதும் அழித்து நிறுவு' என்ற பொத்தான் வந்து நின்றது.

அப்போது எனக்குக் கை போகவில்லை. [ஏன் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. பொய்யாகப் பட்டது, எடுத்துவிட்டேன்.] தூக்கிப்போடுகிற பொருளின் கம்பியை யார் அப்படி முடிச்சுப் போடுவார்கள்?

நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு. வட்டைத் தொடாது. ஆனால் அணைத்ததும், நீங்கள் செய்த அத்தனையையும் மறந்துவிடும். அதில் உட்கார்ந்துதான், இந்தக் கணினி யாருடையது என்று கற்பனை செய்து எழுத ஆரம்பித்தேன்.

2

நெதியால்கா கணினிகளை வெறுத்தாள்.

வேண்டாம். வெறுக்கிறவள் கம்பியைச் சுருட்டமாட்டாள்.

பெய்கோ இறந்த முப்பத்தைந்தாம் நாள் காலையில், பனித்சா பலகாரக் கடையில் மாவு பிசைகிற நெதியால்கா

இதுவும் வேண்டாம், சாவில் தொடங்கினால் வாசகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பெய்கோ உயிரோடு இருக்கட்டும், ஒரு பக்கமாவது.*

பெய்கோ சமையலறை மேசையில் கணினியை விரித்து வைத்து லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக. பக்கத்தில் மிளகாய்ச் சட்டினி தடவிய ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"என்னய்யா, இன்னும் முடியலையா? பிள்ளை பெத்திருந்தாக்கூட இந்நேரம் தொட்டில்ல போட்டிருப்பேன்."

"முடிஞ்சுது சிட்டு. சத்தம் மட்டும் வரல."

"நேத்து வந்துச்சே?"

"நேத்து பிரிண்டர் வரல. பிரிண்டரைச் சரி பண்ணினேன், சத்தம் போயிடுச்சு."

"இதுக்கு முன்னாடி இருந்தது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது என்னைக் கேக்காமலே எல்லாத்தையும் பண்ணிச்சு. இது ஒவ்வொண்ணையும் கேக்குது. மரியாதை தெரிஞ்ச பய."

அவள் சிரித்துவிட்டாள். அவர் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அந்தக் குருவிப் பெயருக்கு ஆறு எழுத்து.

* பெய்கோ, நெதியால்கா: இரண்டும் நான் வைத்த பெயர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

மருத்துவமனையில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய விஷயம் கணினியைப் பற்றியது. இப்படி நடக்குமா என்று யோசித்தேன். நடக்கும், மனிதர்கள் அப்படித்தான்.

"பாஸ்வேர்டு கஷ்டமில்ல. உன்னை நான் கூப்பிடுற பேருதான்."

நாற்பதாம் நாள் நெருங்கியது. இறந்தவருக்காக அன்று வாசல் கதவில் ஒட்டுகிற நினைவுத்தாளுக்குப் படம் வேண்டும். அவர் படங்கள் எல்லாம் அதற்குள். நெதியால்கா கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்து, சாவிகளை ஒவ்வொன்றாகத் தேடி, சிட்டு என்று அடித்தாள். ஆறு புள்ளிகள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. அந்த வாரம் முழுவதும் தவறு.

முப்பத்தொன்பதாம் நாள் அவள் மனதில் அந்த நினைப்பு வந்தது. வேறு யாரையோ வேறு பெயரால் கூப்பிட்டிருக்கிறார். சாகிற நேரத்தில் ஆள் மாறிப்போய், அந்தப் பெயரை நினைத்துக்கொண்டு இவளிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் சிட்டு, சிட்டு என்று கூப்பிட்டதெல்லாம்

[இங்கே லிலியானா என்று ஒருத்தியைக் கொண்டுவந்தேன். மட்டமான யோசனை. போகச் சொல்லிவிட்டேன்.]

பழைய அடையாள அட்டைப் படத்தைத் தாளில் ஒட்டினாள். கணினியைக் கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கம்பியை மட்டும் அப்படியே எறிய மனசு வராமல், சுருட்டித் தன் மணிக்கட்டு நூலால் கட்டினாள்.

இதுவரை எழுதிவிட்டு, சேமிக்க மறந்து, கணினியை அணைத்துவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டேன்.

4

மறுநாள் காலை பென்டிரைவைச் செருகித் திறந்தால், கோப்பு திரையில் இருந்தது.

இருக்க முடியாது. எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று சொன்னேன் இல்லையா? மறந்தே ஆகவேண்டும், அதன் அமைப்பு அப்படி. நம்பிக்கையில்லாமல் படித்தேன். வரிக்கு வரி நான் எழுதியதுதான், மூன்றாம் பகுதியில் ஒரே இடம் தவிர. 'சாவிகளை ஒவ்வொன்றாகத் தேடி' என்பதைக் காணோம். அந்த இடத்தில் இது இருந்தது:

அவள் சாவிகளைப் பார்ப்பதில்லை. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவள். அவள் விரல் தப்பாது.

நான் அவளை மாவு பிசைய வைத்திருந்தேன். நீதிமன்றம் என் தலையில் எங்குமே இல்லை. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்துபோனேன். அது ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது.

கணினியைத் தூக்கிக்கொண்டு மெதோதி அண்ணனிடம் போனேன். மாறியிருந்த அந்த மூன்று வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

"நீயே எழுதிட்டு மறந்திருப்ப தம்பி. ரக்கியா சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"அப்ப சாப்பிடு." அந்தப் பழச்சாராயத்தை ஊற்றிக்கொண்டே, புருஷன், பெண்டாட்டி என்று பெயரில்லாமல் நான் சொன்ன மீதிக் கதையைக் கேட்டவர், திடீரென்று நிறுத்தினார். "தட்டச்சுக்காரியா? அட முட்டாள் புருஷா. அவ பழைய வரிசையில அடிப்பா."

இந்த நாட்டுக் கீபோர்டில் எழுத்து வரிசை இரண்டு. அலுவலகத்தில் பழகியவர்களுக்குப் பழைய தட்டச்சு வரிசை. மெதோதி மாதிரி வீட்டில் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒலிப்படி, அதாவது ஆங்கிலச் சாவியின் ஒலிக்கு ஏற்ற வரிசை. நம் தமிழ்த் தட்டச்சிலும் இந்தச் சண்டை உண்டு. சொல் ஒன்றுதான், ஆனால் அழுத்துகிற சாவிகள் வேறு. கறுப்புத் திரை எழுத்தைக் காட்டாது, புள்ளியைத்தான் காட்டும். பெய்கோ தன் விரலால், ஒலிப்படி, பூட்டினார். அவள் தன் விரலால் திறக்கப் பார்த்தாள். தப்பே செய்யாதவள் என்பதால், தப்பு தன் விரலில் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புருஷனைச் சந்தேகப்பட்டாள்.

"பாவம்ணே நெதியால்கா," என்றேன், வாசகரிடம் சொல்வதுபோல.

மெதோதி தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேரை நான் உன்கிட்ட சொன்னேனா?"

"எந்தப் பேரை?"

"அடுத்த பிளாக், மூணாவது மாடி. கோர்ட்டு நெதியால்கா. புருஷன் குளிர்காலத்துல போனான். நான் சொல்லவே இல்லையே தம்பி."

5

முடிவுகள்.

அ) வட்டை அழித்து நிறுவுகிறேன். பத்து நிமிஷ வேலை. அவள் சாகும்வரை சந்தேகத்தோடு இருப்பாள், எனக்கு ஒரு கணினி மிச்சம்.

ஆ) இது வெறும் கற்பனை, மெதோதி குடித்திருந்தார். முடிவு என்று இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இ) போய்க் கூப்பிட்டேன். வந்தாள்.

இதைப் பேனாவால் எழுதுகிறேன், ஏனென்றால் கணினியில் கறுப்புத் திரை இருக்கிறது. காலை பதினோரு மணி. நெதியால்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில், மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் நூல் இல்லை. கம்பி முடிச்சைப் பார்த்துவிட்டு அதைத் தொடவில்லை. இரண்டு வரிசை பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"அவர் பார்த்துப் பார்த்து ரெண்டு விரல்ல அடிப்பாரு. நான் கேலி பண்ணுவேன்," என்றாள். பிறகு, "நீயே அடி தம்பி. என் விரலுக்கு அவரோட வழி தெரியாது."

"திறக்கலைன்னா?"

"திறக்கலைன்னா நான் நினைச்சதுதான் சரி. வீட்டுக்குப் போறேன்." கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு கண்களை மூடினாள். "திறந்தா மட்டும் சொல்லு. இல்லேன்னா எதுவும் பேசாதே."

எனக்கு அவள்மேல் இரக்கமும், அந்தத் திரைமேல் பயமும் ஒன்றாக வந்தன. இரண்டு விரலால், பார்த்துப் பார்த்து, ஒலிப்படி அடித்தேன். ஐந்தாம் எழுத்தின் சாவி மூலையில் ஒளிந்திருந்தது. அடித்துவிட்டு, ஆறாவதைத் தேட விரலைத் தூக்கினேன்.

திரையில் ஆறு புள்ளிகள் இருக்கின்றன.

நான் ஐந்துதான் அடித்தேன். அவள் கைகள் மடியில் இருக்கின்றன. கண்களைத் திறக்கவில்லை, ஆனால் யாரோ கூப்பிட்டதுபோல் தலையை லேசாகத் திருப்புகிறாள், என் பக்கம் அல்ல.

இனி என்டர் மட்டும்தான் பாக்கி. நான் பேனாவைப் பிடித்திருக்கிறேன், அவள் அழுத்தமாட்டாள். உங்கள் கைதான் காலியாக இருக்கிறது.