விசில்காரரின் அரைநாள் விடுப்பு

அந்தத் தையல் ஆலையில் ஐந்நூறு பேருடைய விடுப்பும் ஒருத்தியின் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போகும். அதனால் அவளுக்குப் பெயரே லீவக்கா.

அன்று மாதக் கடைசி. மூன்று மணிக்குச் சம்பளப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். விடுப்பு பதியாமல் நிற்பவர்களின் வீட்டு முகவரிக்கு வேலைநீக்கக் கடிதம் போய்விடும்.

காலர் தைக்கும் பெண் பத்து நாளாக வரவில்லை. கரு கலைந்துவிட்டது, இது மூன்றாவது முறை. மஞ்சள் காமாலை என்று புகுந்த வீட்டில் சொல்லிவிட்டுத் தன் அக்கா வீட்டில் படுத்திருந்தாள். நோய் விடுப்பு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது கரு கலைந்தவர்களுக்கான ஆறு வாரச் சிறப்பு விடுப்புதான். அதைப் பதிந்தால் காரணத்தோடு பிரிவு சூப்பர்வைசரின் திரையில் போய் நிற்கும். அவரோ அவள் புருஷனின் அண்ணன். வாயிலிருந்து விசிலை எடுக்காதவர் என்பதால் எல்லோருக்கும் விசில்காரர்.

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான்க்கா தெரியும். இதுவும் போச்சுன்னு மாமியாருக்குத் தெரிஞ்சா, இவருக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று போனில் சொன்னாள். அழக்கூட இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. சூப்பர்வைசர் விடுப்பில் இருக்கும்போது பதிந்தால், விண்ணப்பம் நேராக மேலாளர் அம்மாவிடம் போகும். அவர் ஒப்புக்கொண்டபின் பிரிவுக்குத் தெரிவது 'அனுமதி' என்ற ஒரு சொல் மட்டுமே. விடுப்பே எடுக்காத விசில்காரர், கடைவாய்ப்பல் பிடுங்க அன்று இரண்டு மணியிலிருந்து அரைநாள் கேட்டிருந்தார்.

மணி இரண்டு ஆனது. லீவக்காவின் கை விசைப்பலகைக்குப் போனது. எதிரே விசில்காரர் வந்து நின்றார்.

"பல்வலி போயிடுச்சும்மா. லீவைக் கேன்சல் பண்ணிடு."

அந்தப் பெண்ணின் மருத்துவச் சான்றிதழ் மேசைமேல் திறந்தே கிடந்தது. லீவக்கா சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டிக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று திரைப் பக்கம் கழுத்தை நீட்டினார். இன்னும் போடவில்லை என்றாள், அது பொய்யில்லை. காமாலைக்கு இத்தனை நாளா, எனக்கே அனுப்பு, பார்த்துவிடுகிறேன் என்றார் அவர். மணி இரண்டு இருபது.

லீவக்கா குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"வலி போயிடுச்சா சார், இல்ல ஊசிய நெனச்சதும் ஓடிடுச்சா?"

பக்கத்து மேசைக்காரி சிரிப்பை இருமலாக மாற்றினாள். இந்தச் சேதி பொத்தான் பிரிவுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று விசில்காரருக்குத் தெரியாதா என்ன?

"யாருக்குப் பயம்?"

"அப்ப போயிட்டு வாங்க. கன்னம் வீங்கிக் கெடக்கு."

கன்னத்தைத் தடவியபடி இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். படிக்கட்டு முனையில் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். அவர் தலை மறையும்போது மணி இரண்டு நாற்பத்தொன்று. பதிந்து அனுப்பினாள். உடனே மேலாளர் அம்மாவின் போன் வந்தது.

"இது ஏன் எங்கிட்ட வந்திருக்கு?"

"சூப்பர்வைசர் லீவும்மா."

"அவரா?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. லீவக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை விழுந்தது.

மறுநாள் காலை விசில்காரர் வாயில் பஞ்சோடு வந்து, 'அனுமதி'யைச் சுட்டிக்காட்டி, எத்தனை நாள், எதற்கு என்று கையாலேயே கேட்டார்.

"பேசாதீங்க சார்" என்றாள் லீவக்கா, தலைநிமிராமல். "தையல் பிரிஞ்சிடும்."