துணைக்குப் போனவள்

அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பட்டப்பெயர் உண்டு. அண்ணி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சி ஆசிரியை. பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை எந்த நொடியில் மிதிப்பாள் என்று யாருக்கும் தெரியாது. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. அது எப்படியோ வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. நாத்தனார், அதாவது அவள் கணவரின் தங்கை, மாடியில் தனியாக இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கொட்டாவி விட்டால் தாடை கழன்றுவிட்டதோ என்று கண்ணாடி முன் போய் நிற்பாள். அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்ததே பிரேக்கம்மாதான்.

ஐம்பது வயதைத் தாண்டியும் பிரேக்கம்மா நோய் என்று படுத்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் அவளைப் பார்த்துப் பயந்து இறங்கிவிடும் என்பார் கணவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டாச்சிணுங்கி கையில் போனோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தில் ஈ ஆடவில்லை.

"அண்ணி, என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு, எமனா?"

"விளையாடாதீங்க. மகளிர் கிளினிக்லேருந்து. கர்ப்பப்பை வாய்ல டெஸ்ட் எடுக்கணுமாம். ஒண்ணுமில்லாமலா கூப்பிடுவாங்க?"

"முப்பது தாண்டின எல்லாரையும்தான் கூப்பிடறாங்க. உன்னை மட்டும் விட்டிருந்தா, ஏன் என்னைக் கூப்பிடலன்னு அதுக்கும் அழுவ."

"நீங்க கூட வரீங்களா?"

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் சுவரோரமாக நாற்காலிகள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்த மூத்த நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டதும், தொட்டாச்சிணுங்கி நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிப்போனாள்.

"நீங்க முதல்ல போங்க அண்ணி."

"எனக்கு எதுக்குடி?"

நர்ஸ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "நீங்க கடைசியா எப்ப பண்ணிக்கிட்டீங்க?"

"நானா? பிள்ளை பெத்ததோட சரி. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

"அப்ப உள்ள வாங்க. இன்னைக்கே முடிச்சிடலாம். இவங்களுக்கும் தைரியம் வரும்."

பயந்த மாணவனை முதல் நாளில் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது பிரேக்கம்மாவின் வழக்கம். அதே மிடுக்கோடு உள்ளே போனாள். டாக்டர் அம்மா இளவயதுக்காரி, மெதுவாகப் பேசினாள்.

"மாதவிலக்குக்கு நடுவுல ரத்தம், கறை ஏதாவது படுதா?"

"இல்ல," என்றாள் பிரேக்கம்மா. சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகத் தோன்றியது. உள்பாவாடையில் அவ்வப்போது கறை பட்டுக்கொண்டுதான் இருந்தது. நிற்கப்போகிற வயது, முன்னே பின்னே வரத்தான் செய்யும் என்று துவைத்துப்போட்டுவிட்டு அவள் மறந்துவிடுவாள்.

படுக்கையில் கால்களை மடக்கி விரிக்கச் சொன்னார்கள். குளிர்ந்த கருவி ஒன்று உள்ளே போய் விரிந்தது. சிறிய தூரிகையால் ஏதோ தடவினார்கள். வலி என்று சொல்ல முடியாது. ஒரு சங்கடம், அவ்வளவுதான். சட்டென்று முடிந்துவிட்டது. வெளியே வந்து, "போடி, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்றாள். தொட்டாச்சிணுங்கி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டே திரும்பி வந்தாள்.

பிறகு பிரேக்கம்மா அதை மறந்துபோனாள். ஒரு மாணவி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நாத்தனாருடைய முடிவு நல்லபடியாக இருந்ததாக அவள் ஏற்கெனவே மாடியிலிருந்து கூவியிருந்தாள். அதனால் தன்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்தாள்.

"செல்லுல கொஞ்சம் மாற்றம் தெரியுதுங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா இன்னொரு தடவை வந்து கிட்டப் பாக்கணும்."

"சரி, வரேன்," என்றாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மாணவியிடம், "கண்ணாடியைப் பாரு, என்னைப் பாக்காத," என்றாள்.

போகவில்லை. அடுத்த முறை அழைத்தபோது வகுப்பு இருக்கிறது என்றாள். அதற்கடுத்த முறை போனை எடுக்கவே இல்லை. பயமா என்று கேட்டால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பாள். பயப்படுவது அந்த வீட்டில் ஒருத்தியின் வேலை. அதைப் பங்குபோட்டுக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவரிடம் சொல்லலாமா என்று நினைப்பாள். அவர் பகலெல்லாம் யார் வீட்டு ஏசியையோ கழற்றி மாட்டிவிட்டு, வந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். அந்த முகத்தைப் பார்த்தால் வாய் வராது. ஒரு நாள் வெறும் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். மாணவன் திடுக்கிட்டு, "யாருமே குறுக்க வரலையே மேடம்?" என்றான்.

"வந்தா?" என்றாள்.

கிளினிக்காரர்கள் கடைசியில் அவள் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அது நாத்தனாருடைய எண். விவரம் எதுவும் சொல்லவில்லை. அண்ணியை ஒரு தடவை பேசச் சொல்லுங்கள் என்றார்கள், அவ்வளவே. மற்ற எதற்கும் பத்து விதமாகக் கற்பனை செய்து அழுகிறவள், இதற்கு அழவில்லை.

மறுநாள் காலை பயிற்சிப் பள்ளியின் வாசலில் முதல் வகுப்புக்குத் தொட்டாச்சிணுங்கி நின்றாள். எத்தனையோ வருஷமாக, காசு வாங்காமல் சொல்லித்தருகிறேன் வா என்று அண்ணி கெஞ்சியும் ஸ்டியரிங்கைத் தொடாதவள்.

"நீயா? என்னடி அதிசயம்!"

"கத்துக்கறேன். ஏறுங்க."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். சாவியைக் கழற்றித் தன் இரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்ற?"

"கிளினிக்ல ஏன் அண்ணி உங்களைத் தேடறாங்க?"

பிரேக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வேலைவெட்டி இல்ல அவங்களுக்கு."

"எனக்கும் இல்ல. இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். நீங்க போறேன்னு சொல்ற வரைக்கும் வண்டி நகராது. அடுத்த ஆளு வந்து கண்ணாடியைத் தட்டட்டும், பரவால்ல."

"உனக்கு இவ்வளவு வாய் எப்ப வந்துச்சு?"

"பயம் இருக்கறவளுக்குத்தான் அண்ணி தெரியும், போய்ப் பாத்துட்டா பாதி குறையும்னு. நீங்க பழக்கமில்லாதவங்க. பயப்படக்கூடத் தெரியல உங்களுக்கு."

பிரேக்கம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு மூக்கு நுனி எரிந்தது. அடுத்த மாணவர் தூரத்தில் வருவது தெரிந்தது. "சாவியக் குடுடி. போலாம்," என்றாள்.

இந்த முறை டாக்டர் கேட்பதற்கு முன்பே கறையைப் பற்றிச் சொன்னாள். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அரிசிமணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதற்குள் கணவருக்கும் சொல்லியாகிவிட்டது. அவர் நெடுநேரம் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றார்.

"நீங்க வந்து என்ன பண்ணப்போறீங்க? அங்க ஏசி நல்லாத்தான் ஓடுது."

அவர் வந்தார். வெளியே உட்கார்ந்திருந்தார்.

"இது புற்றுநோய் இல்ல," என்றாள் டாக்டர். "அப்படியே விட்டா சில வருஷத்துல அப்படி ஆக வாய்ப்பு உண்டு. அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம். ஆபரேஷன்னு பயப்பட வேண்டாம், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"எப்படி வந்துச்சு?"

"ஒரு வைரஸ். புருஷன் பொண்டாட்டியா வாழற பெரும்பாலானவங்களுக்கு ஏதோ ஒரு சமயத்துல வந்துட்டுப் போகும். சிலருக்கு மட்டும் போகாமத் தங்கிடும். எந்த வருஷம், எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது."

இரண்டு பெண்களும் அறையைவிட்டு வெளியே வந்தார்கள். நடைபாதையில் தொட்டாச்சிணுங்கி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணனை ஏதும் கேட்டுடாதீங்க."

"டாக்டருக்கே தெரியாதாம். காலைல செருப்பை எங்க விட்டோம்னு தெரியாத மனுஷன், அவரைப் போய் என்ன கேக்கறது?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அந்தக் கேள்வி மனதில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது. மாலையில் அவர் தானாகவே அவளுக்குக் காபி போட்டு, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் ஒரு வாய் குடித்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மீதியையும் குடித்தாள். கேள்வி அதற்குப்பின் எழுந்து போய்விட்டது.

அந்த இடத்தை எடுத்தார்கள். சில வாரம் கனமானது தூக்கக்கூடாது என்றார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டாலே மாடியிலிருந்து குரல் வந்தது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. கொஞ்ச காலம் விடாமல் வந்துபோக வேண்டும் என்றார்கள். சரி என்றாள். இந்த முறை அந்தச் சரி உண்மையான சரி.

முடிவு வந்த அன்றைக்குத்தான் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து நடந்ததெல்லாம் சொன்னாள். மகள் முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். இரண்டும் ஓய்ந்ததும் பிரேக்கம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உனக்கும் முப்பது ஆயிடுச்சு இல்ல? தள்ளிப்போடாத. ஒரு நாள் போய் அந்த டெஸ்ட்ட எடுத்துடு. வேணும்னா நான் துணைக்கு வரேன்."



"நான் போன வருஷமே எடுத்துட்டேன்மா."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா, எதுக்குடி இதெல்லாம், வேலையத்த வேலைன்னு சொல்வ. அதான்."

பிரேக்கம்மா சொல்லியிருப்பாள்தான், அதே வார்த்தைகளில், அதே சிரிப்போடு. "எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு."

"யாரு துணைக்கு வந்தா?"

"யாரும் வரல. தனியாத்தான் போனேன்."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்றாள் மகள்.