எட்டாவது ஃப்ரெட்

ஆறு மணிக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். காப்பி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு என் மனைவி பெனிட்டாவின் கிட்டாரை எடுத்து, ஆறு கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். திருவேட்டக்குடி உப்புக்காற்றில் ஒரு நாள் விட்டாலும் துரு ஏறும். அவள் போனதிலிருந்து, ஓராண்டாகத் துடைக்கிறேன். சுருதித் திருகுகளை மட்டும் தொட்டதில்லை.

ஏழரைக்கு மார்ட்டின் வந்தார். அவளுடைய அண்ணன், கோயில் பாடகர் குழுவை நடத்துபவர். அன்று மாலை அவளுக்கு முதலாண்டு நினைவுப் பூசை. நற்கருணைப் பாட்டுக்குக் குழுவில் அவள் இடத்தில் நான் வாசிக்க அவரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன்.

"சி மேஜர் புடிங்க மாப்ள."

கிட்டார் கழுத்தின் நுனியில் அந்தச் சுரக்கூட்டைப் பிடித்து அடித்தேன். சரியாக இருந்தது. ஃப்ரெட் எனும் உலோகக் குறுக்குக் கட்டைகளில் மூன்றாவதில் பிடித்தேன். அதுவும் சரி.

"அங்கல்லாம் நா என் கிட்டார்ல வாசிச்சுக்குறேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துல குந்தி என்ன பண்றது? அவ மாதிரி எட்டாவதுல புடிங்க."

எட்டாவது ஃப்ரெட்டில் அவள் நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அங்கே ஆள்காட்டி விரலைக் குறுக்கே அழுத்தி மற்ற விரல்களையும் வைத்தால் அதே சி மேஜர்தான். ஆனால் மற்ற இரண்டு இடங்களிலும் தடித்த ஆறாவது கம்பி தேவையில்லை. இங்கே அதில்தான் ஆரம்பம்.

அடித்தேன்.

"என்னங்க, எருமை கத்துது?" மார்ட்டின் முகம் சுளித்தார். "ஆறாவது எறங்கிக் கெடக்கு. குடுங்க."

அவர் கை திருகுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம் மச்சான். அது அவ வச்ச சுருதி."

"இதச் சொல்லித்தான் ஒரு வருஷமா யாரையும் தொட உடல நீங்க. எங்கம்மாவும் பாவம், நம்பிக்கிட்டு இருக்கு." அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு அவளுக்குப் பூசை. இந்தச் சத்தத்தோட வாசிக்க உட மாட்டேன். நீங்களே ஏத்துங்க. இல்லாட்டி கிட்டார எடுத்துக்கிட்டுப் போறேன், வேற ஆளு வாசிக்கட்டும்."

வெளியே அவருடைய பைக் நின்றது. கிட்டார் உறையைத் தோளில் மாட்டியே வந்திருந்தார், காலியாக.

கையை விட்டேன். திருகைப் பிடித்தேன். கெட்டியாக இருந்தது. அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்ப, கம்பி முனகி மேலே ஏறியது. நுனியில் அடித்தேன். மூன்றாவதில் அடித்தேன். எட்டாவதில் அடித்தேன். மூன்று இடத்திலும் ஒரே சி மேஜர்.

"அப்புடி," என்றார். குரல் தணிந்திருந்தது. "அவ நல்லா சுருதி பாக்குறவளாச்சே. எப்புடி இப்புடி உட்டா?"

"அவ உடல."

அந்த நாளைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

அவள் போன அன்று மாலை ஒத்திகை இருந்தது. அதற்கு முன் கோட்டுச்சேரி தையல்காரரிடம் ரவிக்கை வாங்கி வரக் கிளம்பினாள். பாதி வழியில் ஸ்கூட்டியில் லாரி மோதியது. அவள் கிளம்பும்போது நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றேன்.

"எதுக்குச் சரின்னீங்க?"

அவள் வாசலில் நின்று சொன்னதைச் சொன்னேன்.

"ஆறாவது எறங்கியிருக்குங்க. நா வர்றதுக்குள்ள ஏத்தி வைங்க."