ஒரு படி ஏற்றம்

தர்மேந்திரன் பெட்டியை மூன்றாம் முறையாகத் திறந்தார். மகள் மோகனாவின் கல்யாணப் பத்திரிகை, முந்நூறு. சம்பந்தி வீட்டார் ஆசையாக அச்சடித்து அனுப்பியவை. எத்தனை முறை பார்த்தாலும் எழுத்து மாறவா போகிறது? 'ஓய்வுபெற்ற பெரிய கிராணி திரு. தர்மேந்திரன்.'

முப்பத்துநான்கு வருஷமும் அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய சின்னக் கிராணிதான். கோலா சாவா ஊர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஓய்வுபெறுகிறவருக்குக் கடைசி நாள் காலையில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பிரட்டில் மாலை போட்டு, ஒரு படி ஏற்றிக் கூப்பிடுவார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கிராணியாவார்; சின்னக் கிராணி பெரிய கிராணியாவார்; பெரிய கிராணி, பங்களாவில் இருக்கும் மேனேஜர் தொரையாவார். சாகும்வரை அதுதான் பேர். ஆனால் அது வாயோடு சரி. காகிதத்தில் ஏறக்கூடாது. பட்டணத்துச் சம்பந்திக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காதில் விழுந்ததை அச்சில் ஏற்றிவிட்டார்.

"இதுல என்னாங்க குத்தம்? எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"அவங்க கூப்பிட்டா மரியாதை. நானே போட்டுக்கிட்டா திருட்டு. நெசமான பெரிய கிராணி புவனேஸ்வரன் ஐயா மந்தின் டவுன்ல உசிரோட இருக்காரு. அவரு உக்காந்த நாற்காலி அது."

ஒரு பத்திரிகையை எடுத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அவள் பதறிப்போனாள்.

"நல்ல காரியத்துல கோடு இழுப்பாங்களா? மஞ்சள் தடவினது லா!"

மற்றவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் வாசல் கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். தேநீர் ஆடை கட்டியது. மூன்று தலைமுறையாக அவர் வீட்டில் ஒருவரும் அடுத்தவன் பொருளைத் தொட்டதில்லை. கையில் மிஞ்சிய ஒற்றைப் பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அம்பாங்கான் தாண்டியதும் ஒரு கடையில் நிறுத்தி, பத்திரிகையை மேசையில் விரித்துச் செய்யவேண்டியதைச் செய்தார்.

மந்தினில் புவனேஸ்வரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. 'பெரிய' மேல் நேரான ஒரு சிவப்புக் கோடு. மேலே 'சின்ன'. பக்கத்தில் 'த.'

"என்னய்யா தர்மா, கல்யாணப் பத்திரிகையில அடிச்சலு?"

"தப்பு ஏறிடுச்சுங்க ஐயா. செக்ரோல் சம்பளப் பேரேட்டுல தப்பு விழுந்தா சுரண்டாத, ஒரே கோடு போட்டுக் கையெழுத்து வையின்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"என்னையுந்தான் தொரைங்கிறானுங்க. நான் போயி பங்களா சாவியக் கேட்டேனா?" கிழவர் சிரித்தார்.

தர்மேந்திரன் சிரிக்கவில்லை. கொடுத்த நாற்காலியிலும் உட்காரவில்லை. "நீங்க கேக்கலைங்க. நான் கேட்ட மாதிரி ஆயிடுச்சே."

கிழவரின் சிரிப்பு அடங்கியது. பேனாவுக்குக் கை நீட்டினார்.

"திருத்தத்துக்கு ஒத்தக் கையெழுத்து செல்லாதுன்னும் சொன்னேனே, மறந்துட்டியா?" 'த.' பக்கத்தில் 'பு.' என்று எழுதினார். "மிச்சத்தையும் கொண்டா."

"வீட்டுல பூட்டி வச்சிட்டாங்க ஐயா."

"சாவி?"

"புஷ்பவள்ளி இடுப்புல."

"அப்ப அந்தம்மாதான் தொரை. வா, நானே கேக்குறேன்."

கிழவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தர்மேந்திரன் மூன்று முறை உதைத்த பிறகுதான் மோட்டார் கிளம்பியது.