பலிக்காத பொருத்தனை

மாமியார் வெறுங்காலோடு முன்னால் நடந்தார். நான் வேலைக்குப் போட்டுப் போகும் ரப்பர் செருப்போடு பின்னால் நடந்தேன். மகன் பிழைத்து எழுந்தால் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று மாதாவுக்குப் பொருத்தனை வைத்தவர் அவர். மகன், அதாவது என் கணவர், பிழைக்கவில்லை. பிறகு எதற்கு இந்த நடை என்று கேட்டதற்கு, “அவங்க கேக்கலைங்கறதுக்காக நான் சொன்ன சொல்லு மாறிடுமா?” என்றார்.

நடை முடிந்ததும் அவர் என்னோடு வீடு திரும்பப் போவதில்லை. நாத்தனார் கோயில் வாசலுக்குக் காரோடு வந்து, தன் வீட்டுக்கே அவரை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்புறம் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். காரணம் சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். நான் அழவில்லை.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. துணியை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பதுதான் என் பிழைப்பு. கணவரின் உடலைத் தள்ளுவண்டிக்கு மாற்றியபோது கட்டிலில் அவருடைய போர்வை கிடந்தது. கை தானாக அதை எடுத்தது. தையல் உள்பக்கம் வரும்படி பதவிசாக மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால், மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறுகிறார், நாத்தனார் என்னையே பார்க்கிறாள். அழுக்குக் கூடைக்குப் போகவேண்டிய போர்வை அது. வேலையில் அப்படிச் செய்திருந்தால் திட்டு வாங்கியிருப்பேன். “உடம்புச் சூடு ஆறல, இவ போர்வை மடிக்கிறா” என்ற பேச்சு எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அழுகையை நான் என்ன பிடித்தா வைத்திருக்கிறேன்? வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதே, அப்படித்தான் எனக்கு எல்லாமே இருந்தது. அறுப்பு முடிந்த வயல்களைத் தாண்டினோம், வாய்க்கால் கரையில் ஏறி இறங்கினோம். வெயில் அடித்தது என்பது கூட நடந்துவந்த ஊர்க்காரர்கள் குடை விரித்ததால் தெரிந்தது.

கூட்டத்தை நடத்தியவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஹாரன் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். “லெஃப்ட்ல ஒதுங்குங்க, பின்னாடி வண்டி பாருங்க” என்று மைக்கில் விரட்டிக்கொண்டே வந்தார். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணியும் முடிந்ததும் ஒரு வேண்டுதல் சொல்வதும் அவர் பொறுப்பு. மழைக்காகச் சொன்னார். வேலை தேடுகிறவர்களுக்காகச் சொன்னார். அதே மூச்சில், “நோயில் வாடும் நம் எலக்ட்ரீஷியன் தம்பி பூரண சுகம் பெற வேண்டுமென்று” என்றார்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கூட்டம். நானும் சொன்னேன். மாமியாரின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது.

எலக்ட்ரீஷியன் தம்பி என்றால் என் கணவர். அவர் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் ஞாயிறுதோறும் இந்த வரிசையில்தான் வேண்டுதல் வரும். நாக்கு பழகிய தடத்திலேயே போய்விட்டது. ஹாரன் மைக்கை அணைத்துவிட்டு ஓடிவந்தார். “அம்மா, மன்னிச்சிடுங்க. பழக்கதோஷம்.”

“விடுங்க தம்பி. நானும்தானே பதில் சொன்னேன்” என்றார் மாமியார்.

அதன்பின் அவர் நடை தளர்ந்தது. தார்ச்சாலையில் அவருடைய ஒரு கால் மட்டும் ஈரத்தடம் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

“அத்தை, நில்லுங்க. ரத்தம்.”

சாலையோரப் பாலத்துக் கட்டையில் உட்காரவைத்துக் காலைப் பார்த்தேன். குதிகாலில் கண்ணாடிச் சில்லு. அதைப் பிடுங்கியபோதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை.

“வலிக்கலையா?”

“தெரியலை” என்று சொல்லிவிட்டுக் கேட்டார். “நீயும் பதில் சொன்னியா?”

“சொன்னேன்.”

“யோசிச்சா சொன்ன?”

“இல்ல அத்தை. வாய் தானா சொல்லிடுச்சு.”

“அன்னைக்கு நான் கத்தினதும் அப்படித்தான்.” அவர் என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்துப் பேசினார். “பெத்தவள்னா கத்தணும். தொண்டை தானா கத்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. உனக்குக் கை, எனக்குத் தொண்டை.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா என்னையும்ல பேசுவாங்க.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோல. என் கைக்குட்டையால் அவர் காலைக் கட்டினேன். ஒரு செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வெளியே வந்தபோது நாத்தனார் காரின் கதவைத் திறந்து வைத்திருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. “ஏறும்மா.”

“நான் வரலை. இவகூட வீட்டுக்குப் போறேன்.”

“இவகூடவா? அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவகூடவா?”

ஹாரனும் மற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள். மாமியார் குரலைத் தணிக்கவில்லை. “நானும் அழலைடி.”

“நான்தான் பக்கத்துலயே இருந்தேனேம்மா!”

“சத்தத்தைக் கேட்ட. என் கண்ணைப் பார்த்தியா?”

நாத்தனார் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, அண்ணா அண்ணா என்று அழத் தொடங்கினாள். அவருக்காக அழ எங்கள் மூவரில் அவளால் மட்டும்தான் முடிந்தது. நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய், அவள் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டோம்.