மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாண அறிவிப்புக்கு ஓலை என்று பெயர். மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். கல்யாணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். திருக்காட்டுப்பள்ளி சபையின் செயலாளராகப் பத்தொன்பது வருடமாக ஓலை எழுதி வாசிப்பவன் நான். என் மகன் யுவனுடைய ஓலையையும் நானே எழுதினேன். இரண்டு வாரம் வாசித்தாயிற்று. இன்று மூன்றாவது.

முதல் ஓலைக்கு முந்தின நாள், நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது யுவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அப்பா, எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லப்பா. ஆம்பளைங்க மேலதான். பத்தாவது படிக்கையிலேர்ந்து ஜெபம் பண்றேன். உபவாசம் இருந்து பாத்துட்டேன். மாறல.”

இவன் நரகத்துக்குப் போய்விடுவானே என்பதுதான் முதலில் தோன்றியது. அடுத்து, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதே என்பது.

“கல்யாணம் ஆனா சரியாயிடும்டா. கர்த்தர் பாத்துப்பாரு.”

“சரியாகலன்னா அந்தப் பொண்ண யாருப்பா பாத்துப்பா?”

மடையை அடைத்துவிட்டு வந்தேன். அன்று முதல் சரியான தூக்கம் இல்லை.

இன்று காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். மனைவி ஜெயபாரதிதான் சரியாகப் போட்டுவிட்டாள்.

“பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அப்புறம் என்ன பதட்டம்? உங்களுக்கா கல்யாணம்?” என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. யுவன் சொன்னது அவளுக்கும் தெரியும்.

கோயிலில் கல்யாணப் பெண் சுவேதாவும் அவள் அப்பா இராஜாங்கமும் முன்வரிசையில் இருந்தார்கள். யுவன் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி.

வாசித்தேன். “இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணையத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும்.”

வாசித்ததும் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு உட்காருவது என் வழக்கம். இத்தனை வருடத்தில் யாரும் எழுந்ததில்லை. ஆறு எண்ணும்போது காகிதத்தில் ‘அறிந்தவர்கள்’ என்ற சொல் கண்ணில் பட்டது. என் கையெழுத்து. இந்தக் கோயிலில் அறிந்தவன் நான். மகனுடைய ஆத்துமாவுக்காக அழுதுகொண்டே, பீடத்தின் முன் இரண்டு முறை பொய் வாசித்திருக்கிறேன்.

“தடை இருக்குங்க ஐயா.”

போதகர் சபையைத் தேடிப் பார்த்தார். “யாரு சொன்னது?”

“நான்தான்.”

இராஜாங்கம் எழுந்துவிட்டார். “என்ன சம்பந்தி இது? எம்பொண்ணு மேல என்ன குத்தம் கண்டீங்க?”

“பொண்ணு மேல ஒண்ணும் இல்லங்க. எம்மகனுக்குச் சம்மதம் இல்ல. எனக்குத் தெரியும்.”

“வேற எவளையாச்சும் பாத்து வச்சிருப்பான்,” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

ஆமாம் என்றால் அத்தோடு முடிந்துவிடும். யுவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படி இல்ல,” என்றேன். “அதுக்கு மேல அவனா சொன்னாதான் உண்டு.”

சுவேதா திரும்பினாள். “எப்பலேர்ந்து தெரியும் மாமா?”

“மொத ஓலைக்கு முன்னாடிலேர்ந்தும்மா.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இந்தப் புடவையக் கட்டிக்கிட்டு எல்லார் முன்னாடியும் உக்காந்திருக்க மாட்டேன்ல?”

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

போதகர் பதிவேட்டை என் முன் தள்ளினார். “காரணத்த எழுதுங்க.” பாவம் என்று எழுதப் போனேன். யாருடையது என்று எழுதுவது? இரண்டு வாரத்துக்கு முன் தெளிவாகத் தெரிந்தது இப்போது தெரியவில்லை. ‘மணமகனுக்குச் சம்மதம் இல்லை, தகப்பன் மறைத்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிமிர்ந்தபோது கடைசி பெஞ்ச் காலி. எழுந்து ஓடினேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

“நான் உள்ள வரலாமாப்பா?”

அடுத்தது திருவிருந்து. போதகர் இவனுக்கு அப்பம் கொடுப்பாரா, எனக்கே கொடுப்பாரா, தெரியவில்லை.

“வாடா,” என்றேன்.