தொண்ணூற்று நாலு டிகிரி

1
இந்தக் கதை ஒரு முரண்பாட்டில் பிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நுடோலா நகர மின் அலுவலகத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவன் நான். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு துணை மின்நிலையத்தின் டிரான்ஸ்பார்மர் நான்கு வருடமாக 94 டிகிரியைத் தாண்டவே இல்லை என்றது பதிவேடு. உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதம் சூட்டில் நைந்து அநேகமாக முடிந்துவிட்டது என்றது எண்ணெய்ச் சோதனை. இரண்டில் ஒன்று பொய். பொய் கிடைத்தால் எனக்குக் கை அரிக்கும், மீதியைக் கற்பனையாகக் கட்டிவிட்டேன்.

2
‘கொளுத்தும் வெயிலில் மலாமா ஜீப்பிலிருந்து இறங்கியபோது’

வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயிலில்தான் இறங்குகிறார்கள்.

மலாமா இன்ஜினியர். சிஷிம்பா அந்த நிலையத்தில் சூடு குறிப்பவன். வெப்பமானியின் சிவப்பு முள் அன்றைய உச்சத்தில் நின்றுவிடும். குறித்துக்கொண்டு அவன் கையால் திருப்பி வைக்க வேண்டும். 95-ஐத் தொட்டால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. இருவருக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அவளுக்கு நுடோலாவுக்கு மாற்றல் வந்தது. “போறவ போகட்டும், நான் கூப்பிட மாட்டேன்” என்றான். “கூப்பிடாம நானும் வரமாட்டேன்” என்றாள். அவ்வளவுதான், நாலு வருடம் ஓடிவிட்டது. எண்ணெய்ச் சோதனை முடிவு வந்ததும் விசாரிக்க அவளையே அனுப்பினார்கள்.

(ஆறு டிகிரி கூடினால் காகிதம் இரண்டு மடங்கு வேகத்தில் மூப்படையும். எண்ணெயை மாற்றலாம், காகிதம் போனால் போனதுதான். இந்த இடத்தில் மனசைப் பற்றி ஒரு வரி எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.)

3
“வாங்க மேடம். டீ சொல்லட்டுமா?”

“மேடமாம்! முள்ளு எதைக் காட்டுதுன்னு சொல்லு.”

“நூத்தி மூணு.”

“பதிவேட்டுல?”

அவன் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினான்.

“ஏன்டா இப்படிப் பண்ணின?”

“தொண்ணூத்தஞ்சு எழுதினா யாரை அனுப்புவாங்க?”

“என்னைத்தான்.”

“சாக்கு வெச்சுக் கூப்பிட்டேன்னு நீ சிரிப்பியே. அதான் தினமும் அதுக்கு ஒண்ணு கம்மியா எழுதினேன்.”

மலாமாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டினாள். “மாசாமாசம் உன் தாளைத்தான்டா முதல்ல எடுப்பேன். ஒரே ஒரு தொண்ணூத்தஞ்சு இருக்காதான்னு விரல் வெச்சுத் தேடுவேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“நீ பண்ணியிருக்கலாம்ல?”

(இங்கே அவர்களைச் சேர்த்து வைக்க ஆசைப்பட்டேன். அவன் அவள் கையைப் பிடித்து)

இல்லை. அவன் பிடிக்கவில்லை. வெப்பமானியின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

4
அறிக்கையில் ‘மூப்புக்குக் காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. உண்மையை எழுதினால் அவன் வேலை போகும். ‘இயற்கையான மூப்பு’ என்று எழுதினால் அவனுக்கு வேலை மிஞ்சும். அவளும் ஒரு 94 எழுதியவளாகிவிடுவாள். முதல் முடிவை எழுதிப் பார்த்தேன், அவன் பெட்டியோடு பேருந்துக்கு நின்றான். தாங்கவில்லை. இரண்டாவதில் இருவரும் நிஷிமா என்ற சோளக் களி சாப்பிட்டார்கள், ஆனால் அவள் நிமிர்ந்து அவனைப் பார்க்கவே இல்லை. அதுவும் தாங்கவில்லை.

“எழுது மலாமா. எது வேணா எழுது” என்கிறான் சிஷிம்பா. “எழுதிட்டு உடனே கிளம்பிடாத.”

நாலு வருடத்தில் அவன் அவளிடம் தனக்காகக் கேட்டுக்கொண்ட முதல் விஷயம் அது. அவள் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாள். எனக்கு இதற்கு மேல் கை ஓடவில்லை. கட்டத்தில் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது, நீங்கள் எழுதுங்கள்.